பிக்கா விரலா என்று அம்மனைக் கேட்டோம்

நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். இதைச் சொன்னால் பாதிப் பேர் "ஓ, கிட்டாரா" என்பார்கள். மீதிப் பேர் "எது, அந்த நாலு கம்பியா?" என்பார்கள். அந்த நாலு கம்பிதான். வேலை நாட்களில் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளைச் சரிபார்க்கிறேன். சனி ஞாயிறுகளில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நடத்துகிற இசைக்குழுவில் கம்பியைத் தட்டுகிறேன். பிறந்தநாள், நிச்சயதார்த்தம், காதுகுத்து என்று மண்டபங்களில் வாசிப்போம். வருடத்துக்கு ஒரு முறை லுக்குட் ஊரைத் தாண்டி இருக்கிற எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வாசிப்போம்.

பேஸ் வாசிக்க இரண்டு வழி உண்டு. சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றிக் கம்பியை இழுத்து விடுவது ஒன்று. பிக் என்கிற சின்ன பிளாஸ்டிக் முக்கோணத்தைப் பிடித்துக்கொண்டு அடிப்பது இன்னொன்று. விரலில் ஒலி உருண்டு வரும். பிக்கில் வெட்டி வரும். நான் விரல் கட்சி. கம்பிக்கும் எனக்கும் நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் எதற்கு? தொழிற்சாலையில் நாள் முழுக்க அதைத்தானே தொடுகிறேன். சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்தில் உட்கார மாட்டேன், அவ்வளவுதான்.

மாமா பிக் கட்சி. அவர் வாசிப்பது கீபோர்டு. வாழ்க்கையில் ஒரு நாளும் பேஸைத் தொட்டதில்லை. அதனாலேயே அதைப் பற்றி அவருக்கு மிகத் தெளிவான கருத்துகள் இருந்தன.

"மண்டபத்துல வேற கதைலா மாப்ள. நாலு செவுரு இருக்கு, விரலு எடுபடும். கோயில்ல வெட்டவெளி. பிக்கு போட்டு அடிச்சாத்தான் சத்தம் போயி சேரும்."

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. அதுதான் என்னைக் குடைந்தது. ஆறு வருடமாகக் கோயிலில் என் பேஸ் யாருக்கும் கேட்கவில்லை. மேடையில் என் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி இருக்கும், அதில் எனக்குக் கேட்கும். கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். மற்றவர்கள் பிதுக்கினால் பரவாயில்லை. என் அப்பா பிதுக்கினார்.

அப்பா எங்களோடு பாரோயில் இருக்கிறார். தோட்டத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டியே ஓய்வு பெற்றவர். மண்டப நிகழ்ச்சிகளுக்கு வரமாட்டார், கோயிலுக்கு மட்டும் வருவார். முதல் வரிசையில் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். திரும்பி வரும்போது காரில் ஒவ்வொரு வருடமும் இதே உரையாடல் நடக்கும்.

"நீ எப்ப வாசிச்ச?"

"முழுக்க வாசிச்சேன்ப்பா."

"கேக்கலையே."

மூன்றாம் வருடம் அவர் காதைப் பரிசோதிக்கக் கூட்டிக்கொண்டு போனேன். குருவிச் சத்தம், போன் மணி, பெண்கள் குரல் மாதிரி மெல்லிய ஒலிகள்தான் அவருக்குச் சரியாக எட்டவில்லை, தடித்த ஒலிகளெல்லாம் நன்றாகவே கேட்கின்றன என்றார் டாக்டர். என் மனைவிக்கு உடனே பல விஷயங்கள் புரிந்தன. எனக்குத்தான் புரியவில்லை. பேஸை விடத் தடித்த ஒலி எங்கே இருக்கிறது? என் கார் வாசலில் நுழையும்போதே "பின்னால எடது பக்கம் பேரிங் போவுது" என்கிற மனிதர் அவர். வொர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்த்தால் போயிருக்கும். பேரிங் கேட்கிறது, மகன் கேட்கவில்லை.

காதுக் கருவி வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு வந்த வருடமும் "கேக்கலையே" என்றார். இவருக்குக் கேட்க விருப்பமில்லை என்று நான் அன்றைக்கு முடிவு கட்டினேன். மகன் நாலு கம்பியைத் தட்டுவது அவருக்கு ஒரு பொருட்டில்லை. இப்படி நினைத்தபோது வலித்தது. நாற்பது வயதுக்கு மேல் இதற்கெல்லாம் வலிப்பது வெட்கமாகவும் இருந்தது. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அவர் ஒரு தடவை கேட்க வேண்டும். பாராட்டக்கூட வேண்டாம்.

இந்த வருடம் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு கோயில் நிர்வாகக் கூட்டம் நடந்தது. அன்னதானம், கூடாரம், தற்காலிகக் கழிப்பறை எல்லாம் பேசி முடிந்தபின் மாமா எழுந்து, பேஸ் கேட்காத விஷயத்தைக் கிளப்பினார். இரண்டு நிமிடத்தில் முடியும் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் தோட்டத்தில் ஒரு விஷயம் கூட்டத்துக்கு வந்துவிட்டால் அது எல்லோருடைய சொந்த விஷயமாகிவிடும்.

கோயில் தலைவர் முன்னாள் மண்டோர், அதாவது தோட்டத்துக் கங்காணி. ஆட்களை மேய்த்த குரல் இன்னும் அப்படியே இருந்தது. "பிக்குதான் போடணும்" என்று மேசையைத் தட்டினார். "வெறும் விரல்ல தடவிக்கிட்டிருந்தா எப்பிடிலா கேக்கும்? பலகாரத்துக்கு மாவு பெசையிறியா?"

அன்னதானப் பொறுப்பில் இருக்கிற அக்கா எனக்காகப் பேசினார். "நாதஸ்வரக்காரரு விரல்லதானே வாசிக்கிறாரு? அது லுக்குட் வரைக்கும் கேக்குதே."

"அப்ப தவிலு? தவிலுக்குக் குச்சி இருக்குல்ல?" என்றார் தலைவர்.

"ஒரு கையிலதான் குச்சி. இன்னொரு கையில விரலு" என்றார் அக்கா.

அதோடு கூட்டம் இரண்டாகப் பிளந்தது. தவில் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. தவில்காரர் விரலில் போட்டுக்கொள்கிற கூடு விரலில் சேர்த்தியா, குச்சியில் சேர்த்தியா என்று அரை மணி நேரம் போனது. நான் வாயைத் திறந்தபோதெல்லாம் "நீ இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று உட்கார வைத்தார்கள். கடைசியில் தலைவர் கையை உயர்த்தி, "பூ கேட்டுருவோம்" என்றார்.

பூ கேட்பது எங்கள் கோயில் வழக்கம். அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் ஈரத்தில் நனைத்த செம்பருத்தி இதழை ஒட்டிவிட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பதிலைச் சொல்லி வேண்டிக்கொள்வோம். எந்தப் பக்கத்துப் பூ முதலில் விழுகிறதோ அதுதான் அம்மன் உத்தரவு. திருமண நாள் குறிக்க, வீடு மாற, கோபுரத்துக்கு நிறம் முடிவு செய்ய எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கிறோம். பேஸ் கிட்டாருக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. உடுக்கைக்காரர் நிற்கிற பக்கம் பிக், உண்டியல் இருக்கிற பக்கம் விரல் என்று பூசாரி உரக்கச் சொன்னார். முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பத்து நிமிடம் எதுவும் விழவில்லை. புழுக்கம் தாங்காமல் மாமா மெல்ல நகர்ந்து மூலையில் இருந்த மேசை விசிறியைப் போட்டார். அது இடமிருந்து வலமாகத் திரும்பி, அம்மனைப் பார்த்த கணத்தில் பிக் பக்கத்துப் பூ பொத்தென்று விழுந்தது.

"விசிறி!" என்று கத்தினேன். "விசிறிக் காத்துல விழுந்துச்சு, செல்லாது!"

"காத்த யாரு விட்டா? அம்மன்தான் விட்டா" என்றார் தலைவர். பூசாரி ஆரத்தி காட்டிவிட்டார். அப்புறம் பேச என்ன இருக்கிறது?

பிக்கை மாமாவே செய்து கொடுத்தார். கடையில் விற்பதெல்லாம் மெல்லிசு என்று என்னுடைய பழைய தொழிற்சாலை அடையாள அட்டையை வாங்கிக் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டினார். வெட்டிய இடம் என் படம் இருந்த இடம். என் வலது கண்ணும் பாதி மூக்கும் பிக்கில் வந்துவிட்டன. அதை அம்மன் பாதத்தில் வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, வேப்பிலை எலுமிச்சையோடு தாம்பாளத்தில் வைத்து என்னிடம் நீட்டினார்கள். தாம்பாளத்திலிருந்து என் கண் என்னைப் பார்த்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நிபந்தனைகளும் இருந்தன. பிக்கைத் தரையில் வைக்கக்கூடாது. இடது கையால் தொடக்கூடாது. அது வீட்டில் இருக்கும்வரை வீட்டில் மாமிசம் கூடாது. என் மனைவி அதைச் சாமி மேடையில் வைத்துவிட்டு, ஒரு மாதத்துக்கான பருப்பு வாங்கப் போனாள். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத அப்பா மூன்றாம் நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்கு வீடே சைவமா?"

"அம்மன் உத்தரவுப்பா."

"அம்மன் கேட்டாளா, நீ கருவாடு சாப்புடுறியான்னு?"

தினமும் வேலை முடிந்து வந்து, குளித்து, பிக்கை எடுத்துப் பழகினேன். ஒரு மாதத்தில் நான் கண்டுபிடித்தது எனக்கே பிடிக்கவில்லை. பிக் அப்படியொன்றும் மோசமில்லை. வேகமான பாட்டில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நின்றது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமா காதுக்குப் போனால் பெருமாள் கோயில் லட்டு மாதிரி ஊரெல்லாம் கொடுத்துவிடுவார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மஞ்சளைக் கழுவக்கூடாது என்பதால் வியர்வை பட்டதும் பிக் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது.

திருவிழாவின் மூன்றாம் நாள் மஞ்சள் நீராட்டு. காலையில் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் பாட்டுக் கச்சேரி. மேடை என்பது தோட்டத்து லோரி. பக்கக் கதவுகளை இறக்கிவிட்டு, கோயிலை ஒட்டிய தகரக் கூரைக் கொட்டகை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். கொட்டகைக்குள்தான் நாற்காலிகளும் அன்னதான அண்டாக்களும் இருந்தன. அப்பா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். யாரோ அவர் தலையிலும் ஒரு வாளி ஊற்றியிருந்தார்கள். காதுக் கருவி நனைந்துவிடக்கூடாது என்று அதைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டதை மேடையிலிருந்து பார்த்தேன். சரி, இந்த வருடமும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பாட்டில் பிக்கை வெறியோடு அடித்தேன். தலைவர் முன் வரிசையிலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். மாமா கீபோர்டிலிருந்து திரும்பி, "இப்ப கேக்குது பாத்தியா!" என்று வாயசைத்தார். அக்காகூட ஒப்புக்கொள்கிற மாதிரி தலையாட்டினார். பாட்டு முடியப் போகிற நேரத்தில் பிக் என் விரலிலிருந்து வழுக்கி, லோரிப் பலகை இடுக்கு வழியாகக் கீழே போய்விட்டது.

பாட்டு நின்றது. விழுந்தது சாதாரணப் பொருள் இல்லையே. மாமா ஒலிவாங்கியில், "பிக்கு கீழ விழுந்துருச்சி, யாரும் காலை அசைக்காதீங்க" என்று அறிவித்தார். கொட்டகையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். பூசாரி ஓடி வந்தார். நான் லோரிக்கு அடியில் தவழ்ந்து போனேன். காலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் அங்கே சேறாகக் கிடந்தது. மஞ்சள் சேற்றில் மஞ்சள் பிக்கை, என் ஒற்றைக் கண்ணை, தடவித் தடவித் தேடினேன்.

பிக் கிடைக்கவில்லை. என் கையில் தட்டுப்பட்டது ஒரு ஒயர். கறுப்பு ஒயர், அதில் ஒரு சிவப்பு நாடா. அந்த நாடாவைச் சுற்றியவன் நான். என் பெட்டியிலிருந்து கூட்டத்துக்கு ஒலி போக வேண்டிய ஒயர் அது. மேடையிலிருந்து இறங்கி, சக்கரத்தைச் சுற்றி, ஒலிபெருக்கி மேசைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. லோரிக்கு அடியிலேயே அழகாகச் சுருட்டி, நைலான் கயிற்றால் கட்டி, நனையாமல் ஒரு செங்கல்மேல் வைத்திருந்தார்கள். அதன் முனை எதிலும் செருகப்படவில்லை.

மஞ்சள் சேறோடு வெளியே வந்து, ஒலிபெருக்கிக்காரரின் முன்னால் அந்த முனையைப் பிடித்தேன். அவர் ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"மொத வருஷம் கச்சேரிக்கு முன்னால நீ தட்டிப் பாத்தப்ப கூரைத் தகரமெல்லாம் ஆடுச்சிலா" என்றார். "நீங்க எறங்கிப் போனப்பறம் டியூப் லைட்டு கழண்டு பாயச அண்டாவுல விழுந்துருச்சி. அன்னிக்கு எத்தன பேருக்குப் பாயசம் இல்லாமப் போச்சி தெரியுமா? அதான் உன் ஒயர மட்டும் புடுங்கச் சொன்னேன்."

"ஆறு வருஷமாவா?"

"சொன்னா நீ மனசொடிஞ்சி போவ. ஆடி ஆடி வாசிக்கிற, பாக்க நல்லாதான் இருந்துச்சி."

அக்காவைப் பார்த்தேன். தலை குனிந்துகொண்டார். செயலாளர், பூசாரி, கூடாரம் போட்டவர் என்று ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மாமாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியாது.

"அப்பறம் எதுக்குப் பிக்கா விரலான்னு கூட்டம் போட்டீங்க? எதுக்குப் பூ கேட்டீங்க?" என்று ஒயரை அவர் முன்னால் நீட்டினேன்.

தலைவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "கூட்டத்துல ஒரு விஷயம் வந்துருச்சி. எல்லாரும் பேசுறாங்க. தலைவரு மட்டும் சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று சொல்லும்போது வருகிறது. அன்று அந்த மஞ்சள் சேற்றில் நின்றுகொண்டு நான் நினைத்தது அப்பாவைத்தான். ஆறு வருடமாக அவர் ஒன்றையேதான் சொல்லியிருக்கிறார். கேட்கவில்லை என்றார், கேட்கவில்லை. அதற்கு நான் அவர் காதைச் சோதித்தேன், கருவி மாட்டினேன், கேட்க மனசில்லாதவர் என்று தீர்ப்பும் எழுதினேன். அவர் எதிரே நிற்கக் கூச்சமாக இருந்தது.

நானே போய் ஒயரை மேசையில் செருகினேன். ஒலிபெருக்கிக்காரர் தடுக்கவில்லை. தலைவர்தான் பின்னாலேயே வந்தார்.

"பிக்கு இல்லாம வாசிக்கக் கூடாதுலா. அம்மன் உத்தரவு."

"ஒயரு இல்லாம ஆறு வருஷம் வாசிச்சேனே, அது யாரு உத்தரவு?"

அவர் நிர்வாகி. உடனே திரும்பி, "பாயச அண்டாவ வெளிய தூக்குங்க!" என்று கத்தினார். நாலு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்கு ஓடினார்கள்.

மேடை ஏறி, சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு விரலால் வாசித்தேன். ஒரு மாதம் பிக் பிடித்ததில் விரல் நுனித் தோல் இளகிப் போயிருந்தது. இரண்டாவது பாட்டிலேயே எரிந்தது. முதல் அடி விழுந்ததும் கூரைத் தகரம் மொத்தமும் முனகியது. டியூப் லைட்டுகள் நடுங்கின, ஆட்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள், கோழி ஒன்று கொட்டகையை விட்டே வெளியேறியது. மாமா கீபோர்டை மறந்துவிட்டு என்னையே பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். சிவப்பு நாற்காலியில், தலையில் மஞ்சள் தண்ணீர் காய்ந்துபோய், கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். தூங்குகிறாரா என்று தெரியவில்லை. அந்தத் தவிப்பில், எங்கள் குழுவில் பாடுகிற பெண் ஒரு பாட்டை முடிக்கிற இடத்தில் விரல் தடுமாறியது. யாரும் கவனிக்கவில்லை.

பிக் இன்றுவரை கிடைக்கவில்லை. கோழி தின்றிருக்கும் என்கிறார் மாமா. பாயசத்தில் விழுந்து யாரோ குடித்திருப்பார்கள் என்று ஒரு கட்சி இருக்கிறது.

திரும்பும்போது என் மனைவி பின்னால் தூங்கிவிட்டாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். லுக்குட்டைத் தாண்டும்போது, "பிக்குதான் போயிருச்சே, நாளைக்குக் கருவாடு ஆக்கலாம்ல?" என்றார். ஆக்கலாம் என்றேன். வழக்கமான கேள்வி வருமென்று வழி முழுக்கக் காத்திருந்தேன். வரவில்லை. காதுக் கருவி இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தது.

பாரோய் சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"மூணாவது பாட்டு" என்றார் அப்பா, முன்னால் பார்த்தபடியே. "அந்தப் பொண்ணு பாடி முடிக்கிற எடம். மூணு அடி அடிச்சிட்டுத்தான் மேல ஏறணும். நீ ரெண்டுலயே ஏறிட்ட. கிளட்ச மிதிக்காம கியர் போட்ட மாதிரி இருந்துச்சி."

அதே இடம்தான். நான் தடுமாறிய அந்த ஒரே இடம்.

பச்சை விழுந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"எந்த எடம்ப்பா? இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்ன, காது கேக்கலையா உனக்கு?" என்றார். பிறகு முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே அடித்தொண்டையில் முணுமுணுத்துக் காட்டினார். தும், தும், தும். அது அந்தப் பெண் பாடிய வரி இல்லை என்று எனக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. அவர் பாடியது என் பேஸ் வரியை. மூன்று அடியும் சரியாக இருந்தது.